பிளக் பாயின்ட்

பெரும்பாலை ரோட்டில் என் கடை,
மாதேஸ்வரா சவுண்ட் சர்வீஸ்.
எட்டு பாக்ஸ், நாலு குழாய், ஒரு ஜெனரேட்டர்.
அட்வான்ஸ் வாங்காமல் ஒயர் விரிப்பதில்லை.
எல்லாக் கட்சிக்கும் கட்டியிருக்கிறேன்.
மாரியம்மனுக்கும் மாதா கோயிலுக்கும் அதே குழாய்தான்.
உருஸுக்கு மட்டும் பச்சை பல்பு தனியாக ஒரு பெட்டி.

பேச்சை நான் கேட்பதில்லை,
இரைச்சல் வருகிறதா என்றுதான் கேட்பேன்.
வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி,
எனக்குத் தெரிந்த வரம்பு அவ்வளவுதான்.
ராத்திரி பத்து என்பது போலீஸ்காரர் வரம்பு.

மாசிக் கூட்டத்துக்கு வெள்ளைக் காரில் வந்தவர்
சேலத்தில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட
ஒரு பெண்ணிடமிருந்து ஆரம்பித்தார்.
கூட்டம் சிரித்தது.
நான் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்தேன்.
பையனின் ஊரைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.
தண்ணித் தொட்டிக்கு அடுத்தது, நீலக் கதவு, என்றார்.
"நான் ஒண்ணும் சொல்லலப்பா.
உங்களுக்கே தெரியும்."

முன்வரிசையில் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான்.
ஒருவன் பைக் சாவியைத் தேடினான்.
அந்த நீலக் கதவு வீட்டுக் காதுகுத்துக்கு
குழாய் கட்டினவன் நான்.

பிடுங்கிவிட்டேன்.
"கரண்டு போச்சுங்க" என்றேன்.
தெருவிளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

ரெண்டு பாக்ஸ் கிழிந்தது. வாடகை வரவில்லை.
முன்பல் ஒன்று போனது, அதுவும் பழுப்புப் பல்தான்.
அடிக்கும்போது அவர் கேட்டார்:
"உன்னை எவன்டா ஜட்ஜ் ஆக்கினது?"
அடி ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை,
ஏனென்றால் அது சரியான கேள்வி.

மூன்று நாள் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன்.
நீலக் கதவில் பூட்டு,
அவசரமில்லாமல் சாவி போட்டுப் பூட்டிய பூட்டு.
இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்து
முதுகில் தட்டினார்.
அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

வைகாசியில் தண்ணீர்க் கூட்டம்.
எங்கள் பக்கத்துப் பல்லைப் பார்த்திருக்கிறீர்களா?
போர்த் தண்ணீர் குடித்துக் குடித்துத் துருவேறினது.
கல்யாணப் போட்டோவில்கூட
மூடிய வாயோடுதான் நிற்போம்.
கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்தியே பேசுகிறவள்.
"மைக்குக்குக் கேக்காதும்மா, துணியை எடு" என்றேன்.

எடுத்தாள்.
அந்தப் பல்லையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொண்டு
ஆற்றுத்தண்ணி வரும் என்று குழாய் பதித்த
கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னாள்.
பில் தொகையைச் சொன்னாள்.
அவன் வீடு எந்த முக்கில்,
மாடியில் எத்தனை தொட்டி, எல்லாம் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் என் காதருகே குனிந்தார்.
"இவளும் வீட்டைத்தான் காட்டுறா.
அன்னிக்குப் பிடுங்கினியே, அதே கைதானே?"

அதே கைதான்.
பிளக்கின் மேலேதான் இருந்தது.

விலை விழுந்த நாளில் பாலக்கோட்டு ரோட்டில்
கொட்டிய தக்காளியை மாடாவது தின்னும்.
கொட்டிய பேச்சு
சில ராத்திரிகளில் ஆளைத் தின்கிறது.
அது எனக்குத் தெரியும்.
எந்த ராத்திரி என்று
பேச்சிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது,
அது தெரியாது.

முன்வரிசையைப் பார்த்தேன்.
யாரும் சாவி தேடவில்லை.
மடியில் காலிக் குடம்.
பித்தளைக் குடமும் வீசினால் மண்டையை உடைக்கும்.
ஆனால் அந்த நீலக் கதவுக்காரன்
எவன் தண்ணீரையும் திருடியதில்லை,
அவனுக்கு வாசலில் காவலும் இல்லை.
இதைச் சட்டமாக எழுதச் சொன்னால்
நான் கைநாட்டுதான்.

"சார், கரண்டு இருக்குதுங்க" என்றேன்.

அவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
ஒரு கான்ஸ்டபிள் நடக்கத் தொடங்கினார்.
பத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்.
கெம்பம்மா பாதிதான் சொல்லியிருந்தாள்.

ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று
பார்க்க எழுந்தேன்.